படம் ஊராகுமா?

அவதார் போல உலகமெங்கும் ஓடிய ஒரு படத்தை நம்பி, தீம் பார்க் ஒன்றுக்குள் தனி உலகமே கட்டினால் அது எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். படம் வந்த வேகத்தில் கூட்டம் வரலாம், ஆனால் கதாநாயகன் பெயர்கூட நினைவில்லாத ஒரு படத்துக்காகப் பத்து ஆண்டு கழித்து யார் டிக்கெட் எடுத்துப் போவார்கள் என்பது உங்கள் ஐயம். 2011 செப்டம்பரில் டிஸ்னி நிறுவனம் இந்தத் திட்டத்தை அறிவித்தபோது, தீம் பார்க்குகளைத் தொடர்ந்து கவனிப்பவர்களில் பலரும் இதே ஐயத்தைத்தான் எழுப்பினார்கள். அவர்கள் நினைத்தது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தின் வசூலுக்கும், அதை வைத்துக் கட்டிய வளாகத்தின் ஆயுளுக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. வசூல், கூட்டத்தை வாசல் வரை அழைத்து வரும். அதுவும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குத்தான். அதற்குப் பிறகு வளாகத்தைக் காப்பாற்றுவது, அந்தக் கதைக்குள் ஓர் ஊர் இருக்கிறதா என்பதுதான். கதையில் எதுவுமே நடக்காத ஒரு சாதாரண நாளில் போய்ச் சுற்றிவரவும், அங்கே கிடைப்பதைச் சாப்பிடவும், சும்மா உட்கார்ந்திருக்கவும் ஆசைப்படும்படியான ஓர் ஊர்.

அவதாரையே எடுத்துக்கொள்வோம். 2009 டிசம்பரில் வெளியான முதல் படம், மறுவெளியீடுகளையும் சேர்த்து, சுமார் 290 கோடி டாலர் வசூலித்தது. ஃபுளோரிடாவில் ஓர்லாண்டோவுக்கு அருகிலுள்ள டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில், சுமார் 12 ஏக்கரில், படத்தின் கதை நடக்கும் உலகமான பாண்டோராவின் பெயரிலேயே ஒரு வளாகம் 2017 மே 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டாவது படம் வெளியானதோ 2022 டிசம்பரில். அதாவது, முதல் படம் வெளியாகி ஏழரை ஆண்டுகள் கழித்து வளாகம் திறந்தது. திறந்த பிறகும் ஐந்தரை ஆண்டுகள் திரையரங்கில் புதிய படம் எதுவும் இல்லை. படத்தின் விளம்பர வேகம் துளியும் இல்லாமல் ஒரு வளாகம் தன் காலில் நிற்குமா என்று சோதித்துப் பார்க்க இதைவிடத் துல்லியமான ஏற்பாட்டை யாரும் வேண்டுமென்றே செய்திருக்க முடியாது.

பூங்காக்களின் வருகையை ஆண்டுதோறும் மதிப்பிட்டு வெளியிடும் டிஇஏ அமைப்பின் அறிக்கைகளின்படி, அனிமல் கிங்டத்துக்கு 2016இல் வந்தவர்கள் சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர். 2017இல் அது 1 கோடியே 25 லட்சமாகவும், 2018இல் 1 கோடியே 37 லட்சத்துக்கு மேலாகவும் உயர்ந்தது. இந்த உயர்வு முழுவதையும் பாண்டோராவின் கணக்கில் எழுதிவிட முடியாது. அதற்கு முன்பு அந்தப் பூங்கா பெரும்பாலும் மாலையிலேயே ஓய்ந்துவிடும். மிருகங்களைப் பார்க்க வருபவர்கள் காலையில் வந்து மூன்று மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். 2017 பிப்ரவரியில் ஏரியின் மீது ஓர் இரவுக் காட்சியைத் தொடங்கி, பூங்காவின் நேரத்தையும் நீட்டியிருந்தார்கள். ஆனால் அந்த இரவுக் காட்சி 2020க்குப் பிறகு திரும்ப வரவேயில்லை. பாண்டோராவின் வரிசைகள் மட்டும் இன்றுவரை குறையவில்லை.

அங்கே ஒரு மாலை முழுவதும் இருந்து பார்த்திருக்கிறேன். பகலில் அது அழகாகச் செய்யப்பட்ட ஒரு தோட்டம், அவ்வளவுதான். அந்தரத்தில் தொங்குவது போன்ற பாறைகளைப் பார்த்ததும் எதில் தாங்கி நிற்கிறது என்று கண் தேடும். தொங்கும் கொடிகளுக்குள் இரும்பை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்துவிடும். இருட்டத் தொடங்கியதும்தான் இடம் மாறுகிறது. செடிகளின் ஓரங்களும் காலடித் தளமும் மெல்ல ஒளிரத் தொடங்குகின்றன. எனக்கு முன்னால் போன ஒரு சிறுமி தரையில் ஒளிரும் புள்ளிகளை மட்டும் மிதித்து நடக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு விளையாட்டை வைத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே காத்திருந்தார். அந்தக் குழந்தைக்குப் படம் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை.

அது தற்செயலாக அமைந்ததில்லை. அந்த வளாகத்தை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஜோ ரோடி. 1998இல் திறக்கப்பட்ட அனிமல் கிங்டத்தையே வடிவமைத்தவரும் அவர்தான். படத்தின் கதை முடிந்து ஒரு தலைமுறைக்கும் மேல் கடந்துவிட்டது, மனிதர்களுக்கும் அந்த உலகின் பூர்வகுடிகளான நாவி மக்களுக்கும் இடையிலான சண்டை ஓய்ந்துவிட்டது, இப்போது நீங்கள் ஒரு சுற்றுலாப் பயணியாக அங்கே வந்திருக்கிறீர்கள் என்பதுதான் வளாகத்தின் அடிப்படைக் கற்பனை. கதாநாயகன் ஜேக் சல்லியை அங்கே தேடிப் பயனில்லை. மனிதர்கள் விட்டுச்சென்ற இராணுவ இயந்திரங்களின் மீது கொடிகள் படர்ந்து கிடக்கின்றன. படத்தின் நினைவில் பலவீனமாக இருந்தது எதுவோ (பாத்திரங்களின் பெயர்கள், வசனங்கள், கதை முடிச்சு), அதை அப்படியே விட்டுவிட்டு, எல்லோருக்கும் நினைவிருந்த ஒன்றை, அதாவது அந்த இடத்தை, மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கதாநாயகன் பெயர் நினைவில்லை என்று நீங்கள் குறையாகச் சொன்னது, வடிவமைப்பாளருக்கு ஒருவகையில் விடுதலையாக அமைந்துவிட்டது.

இடத் தேர்வும் கைகொடுத்தது. அனிமல் கிங்டத்தின் சின்னத்தில் உண்மையான விலங்குகளோடு ஒரு டிராகனும் இருக்கும். கற்பனை விலங்குகளுக்கென ஒரு பகுதி தொடக்கத்தில் திட்டமிடப்பட்டுக் கடைசிவரை கட்டப்படாமலே போனது. அந்த வெற்றிடத்தில், இயற்கையைக் காப்பது பற்றிப் பேசும் ஒரு படத்தின் உலகம் வந்து பொருந்தியது. இதே வளாகத்தைக் கார்ட்டூன் பாத்திரங்கள் நடமாடும் வேறொரு பூங்காவில் கட்டியிருந்தால் இந்த அளவு ஒட்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

சவாரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு பெரிய சவாரி இல்லாமல் வெளியூர்க்காரர் விமானம் ஏறி வரமாட்டார். இங்கே ஃபிளைட் ஆஃப் பாசேஜ் என்ற சவாரியில், இருசக்கர வண்டியில் உட்காருவது போலக் குனிந்து உட்கார்ந்து, பெரிய திரைக்கு முன், படத்தில் வரும் ராட்சதப் பறவை ஒன்றின் முதுகில் பறக்கிறோம். பறப்பது எல்லாப் பூங்காவிலும் உண்டு. ஆனால் இங்கே நடுவில் ஓரிடத்தில் பறவை இளைப்பாறுகிறது. அப்போது உங்கள் இரு தொடைகளுக்கும் நடுவில் இருக்கை மெல்ல உப்பி, மெல்லச் சுருங்குகிறது. அது மூச்சு விடுகிறது. திரையில் காட்டிய எல்லாக் காட்சிகளும் மறந்துபோன பிறகும் இந்த ஒன்று உடம்பில் தங்கியிருக்கிறது. பக்கத்திலேயே உள்ள படகுச் சவாரி சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் கடைசியில் பாடும் நாவிப் பெண்ணின் இயந்திரப் பொம்மை அசையும் நேர்த்தியைத் தவிர, அதற்காக ஒரு மணி நேரம் நிற்கலாம் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இந்த வரிசை விஷயத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு நல்ல சவாரி மணிக்கு 1,500 பேரை ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மணி நேரத்தில் 18,000 பேர். ஆண்டுக்கு 1 கோடியே 25 லட்சம் பேர் என்றால், நாளுக்குச் சராசரி சுமார் 34,000 பேர். அதாவது ஒரு நொடி பழுதாகாமல் ஓடினாலும், வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் அந்தச் சவாரி கிடைக்கும். மற்ற பாதிப் பேரும் ஏமாந்து போகாமல் திரும்ப வேண்டுமானால், சவாரிக்கு வெளியே அவர்கள் நேரம் செலவிட ஏதாவது இருக்க வேண்டும். ஊர் என்று நான் சொல்வதன் வணிகப் பொருள் இதுதான். நடந்து பார்க்கத் தெரு, நின்று பார்க்க ஓர் ஆட்டம், வேறெங்கும் கிடைக்காத ஒரு பானம்.

அந்தப் பானத்தின் வலிமையை உலகுக்கு நிரூபித்தது ஹாரி பாட்டர். ஓர்லாண்டோவில் யூனிவர்சல் நிறுவனத்தின் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்காவில், 2010 ஜூன் 18 அன்று, அந்தக் கதையில் வரும் ஹாக்ஸ்மீட் கிராமம் திறக்கப்பட்டது. 2009இல் சுமார் 46 லட்சமாக இருந்த அந்தப் பூங்காவின் வருகை 2011இல் சுமார் 76 லட்சத்தைத் தொட்டது. இரண்டே ஆண்டில் இப்படி ஓர் உயர்வைப் பூங்காத் தொழிலில் அரிதாகத்தான் பார்க்க முடியும். படங்களின் கலை இயக்குநரான ஸ்டூவர்ட் கிரெய்கே வளாகத்தின் வடிவமைப்பிலும் பங்கேற்றார். அந்தக் கிராமத்துக்குள் கோக், பெப்ஸி எதுவும் கிடைக்காது; கதையில் இல்லாத பானம் என்பதால் விற்பதில்லை. பட்டர்பீர் உண்டு, பூசணிச் சாறு உண்டு. ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் தரக்கூடிய பணத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மேலே நுரை மிதக்கும் ஓர் இனிப்புப் பானத்தை விற்பது அப்போது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கும். இன்று அந்தப் பானத்துக்கென்றே வரிசையில் நிற்கிறார்கள்.

ஹாரி பாட்டர் விஷயத்தில் அவர்கள் தவறும் செய்தார்கள், அதிலிருந்து கற்றுக்கொள்ளவும் செய்தார்கள். படத்தில் இருப்பது போலவே கடைகள் குறுகலாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கட்டியதால், மந்திரக்கோல் கடைக்கு முன்னால் மக்கள் ஃபுளோரிடா வெயிலில் நெடுநேரம் காய்ந்தார்கள். 2014 ஜூலையில் பக்கத்துப் பூங்காவில் கதையின் கடைவீதியான டயகன் ஆலியைத் திறந்தபோது அதே கடையைப் பல அறைகளாகப் பிரித்துக் கட்டினார்கள். ஜன்னலுக்கு முன்னால் நின்று வீசினால் உள்ளே உள்ள பொருளை அசைக்கும் மந்திரக்கோல்களையும் விற்கத் தொடங்கினார்கள். ஐம்பது டாலருக்கு மேல் கொடுத்து ஒரு கோலை வாங்கிய குழந்தை, சவாரி எதிலும் ஏறாமலேயே இரண்டு மணி நேரம் அந்தத் தெருவைவிட்டு நகராது. இரண்டு பூங்காக்களையும் ஒரு ரயிலால் இணைத்தார்கள். போகும்போது ஒரு காட்சி, வரும்போது வேறு காட்சி. ஏற வேண்டுமானால் இரண்டு பூங்காக்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். டயகன் ஆலி நிற்கும் இடத்தில் முன்பு இருந்தது, 1975இல் வந்த ஜாஸ் படத்தை வைத்து அமைத்த சுறாமீன் சவாரி. அது 1990இல் திறந்து 2012 தொடக்கத்தில் மூடப்பட்டது. அந்தச் சவாரியில் பயம் இருந்தது, ஊர் இல்லை.

ஸ்டார் வார்ஸ் கதை இன்னும் சிக்கலானது. டிஸ்னி 2012இல், அந்தப் படங்களை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தை 405 கோடி டாலருக்கு வாங்கியது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 2019 மே 31 அன்றும், ஃபுளோரிடாவில் அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்றும், ஒவ்வொன்றும் சுமார் 14 ஏக்கரில், கேலக்ஸீஸ் எட்ஜ் என்ற ஸ்டார் வார்ஸ் வளாகம் திறக்கப்பட்டது. இங்கே ஊர் இருக்கிறது. சொல்லப்போனால் கட்டட வேலைப்பாட்டில் இதற்கு நிகராக நான் வேறு எதையும் சொல்லமாட்டேன். ஆனால் அது யாருக்கும் தெரியாத ஊர். ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கனவில் நடந்து திரிந்த டாட்டூயீன் என்ற பாலைவனக் கிரகத்தைக் கட்டாமல், பட்டூ என்று ஒரு புதிய கிரகத்தை உருவாக்கி, அதன் காலத்தையும் கடைசி மூன்று படங்களின் இடைவெளியில் பொருத்தினார்கள். அதனால் பழைய படங்களின் வில்லன் டார்த் வேடர் வரமுடியவில்லை, நாயகன் லூக் இளமைக் கோலத்தில் வரமுடியவில்லை. படங்களின் புகழ்பெற்ற இசையைக்கூடத் தெருவில் ஒலிக்கவிடவில்லை. உண்மையான ஊரில் பின்னணி இசை இருக்காது என்பது அவர்கள் தர்க்கம். தர்க்கம் சரிதான், ஆனால் வந்தவர்கள் தர்க்கத்தைத் தேடி வரவில்லை.

திறந்தபோது இருந்தது ஒரே ஒரு சவாரி. முதன்மையான இரண்டாவது சவாரி ஃபுளோரிடாவில் 2019 டிசம்பரிலும் கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரியிலும்தான் வந்தது. கூட்டம் தாங்காது என்று பயந்து உள்ளூர்க்காரர்கள் ஒதுங்கினார்கள். சுற்றியிருந்த விடுதிகள் கட்டணத்தை ஏற்றின. அந்தக் காலாண்டில் தன் அமெரிக்கப் பூங்காக்களின் வருகை 3 சதவீதம் குறைந்ததாக டிஸ்னியே அறிவிக்க வேண்டியதாயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் நடந்தது. ஹாரி பாட்டர் கிராமம் கோக்கை உள்ளேயே விடவில்லை என்றால், இங்கே கோக்கை உருண்டையான வெடிகுண்டு வடிவப் பாட்டிலில், வேற்றுக்கிரக எழுத்துகளோடு விற்றார்கள். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லப் பார்த்தவர்களை விமான நிலையப் பாதுகாப்புத் துறை முதலில் தடுத்தது. பிறகு தடையைத் தளர்த்தியது.

டிஸ்னி இதோடு நிற்காமல், 2022 மார்ச்சில் கேலக்டிக் ஸ்டார்க்ரூஸர் என்ற விடுதியையும் திறந்தது. சுமார் நூறு அறைகள், இரண்டு இரவுகள், விண்வெளிக் கப்பலுக்குள் நீங்களும் ஒரு பாத்திரமாக நடிக்கலாம். இருவருக்கு ஏறத்தாழ 4,800 டாலர். 2023 செப்டம்பர் முடிவில் மூடிவிட்டார்கள். அனுபவித்தவர்களில் பலர் அதை வாழ்நாளின் சிறந்த விடுமுறை என்றே சொல்கிறார்கள். குறை அனுபவத்தில் இல்லை. இரண்டு நாள் முழுவதும் கதைக்குள்ளேயே இருக்கவும், அதற்கு அவ்வளவு பணம் கொடுக்கவும், அதைத் திரும்பவும் செய்யவும் ஆசைப்படுபவர்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. 2025இல், கலிஃபோர்னிய வளாகத்தின் காலக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி லூக், லேயா, ஹான், டார்த் வேடர் ஆகியோரை 2026 முதல் வரவழைக்கப்போவதாக டிஸ்னி அறிவித்ததை, ஆறு ஆண்டு தாமதமாக வந்த திருத்தம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வசூலை மட்டும் பார்ப்பவர்களுக்கு மார்வெல் ஒரு நல்ல மறுப்பு. திரையரங்கில் அந்தப் படவரிசை ஈட்டிய தொகைக்கு அருகில் எதுவும் இல்லை. ஆனால் 2021 ஜூனில் டிஸ்னி கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவில் திறந்த அவெஞ்சர்ஸ் கேம்பஸைப் பாருங்கள்: பெயரே சொல்வது போல, அது ஓர் அலுவலக வளாகம். அந்தக் கதைகளில் ஆட்கள்தான் பெரியவர்கள், ஊர் அல்ல. பெரும்பாலும் நடப்பது நியூயார்க் போன்ற நகரத் தெருக்களில், அதாவது ஏற்கெனவே பூமியில் இருக்கும் இடத்தில். அதே பூங்காவில் 2012இல் திறந்த கார்ஸ் லேண்ட், விமர்சகர்கள் அவ்வளவாகக் கொண்டாடாத ஒரு படவரிசையிலிருந்து பிறந்தது. ஆனால் அமெரிக்காவின் பழைய 66ஆம் எண் நெடுஞ்சாலையோரச் சிற்றூரை அப்படியே எழுப்பியிருக்கிறார்கள். பொழுது சாயும்போது ஒரு பழைய பாட்டு ஒலிக்க, தெருவின் நியான் விளக்குகள் கடைகடையாக எரிவதைப் பார்க்க, எதிலும் ஏறாமல் ஓரமாக நிற்பவர்கள் தினமும் உண்டு. இன்னொன்று: அவெஞ்சர்ஸ் கேம்பஸ் நிற்கும் நிலத்தில் முன்பு இருந்ததும் ஒரு படத்தின் வளாகமே. எறும்புகளைப் பற்றிய 1998ஆம் ஆண்டின் அனிமேஷன் படத்தை வைத்து 2002இல் திறந்து, 2018இல் இடித்தார்கள். சிங்கப்பூர் யூனிவர்சலுக்குப் பழைய நாளில் குழந்தைகளோடு போனவர்களுக்கு மடகாஸ்கர் பகுதி நினைவிருக்கும். அந்த இடத்தில் 2025 பிப்ரவரி முதல் இருப்பது மினியன் லேண்ட்.

அதே சிங்கப்பூர் பூங்காவில் உங்கள் கேள்விக்கு இன்னும் விசித்திரமான ஒரு பதில் இருக்கிறது. 1995இல் வெளியான வாட்டர்வேர்ல்ட், அதுவரை எடுக்கப்பட்டவற்றிலேயே அதிகம் செலவான படம் என்ற பெயரோடு வந்து, எதிர்பார்த்த வசூலைத் தராமல் கேலிப்பொருளானது. அதை வைத்து ஹாலிவுட் யூனிவர்சலில் அதே ஆண்டு தொடங்கிய சாகசக் காட்சி முப்பது ஆண்டு கடந்தும் ஓடுகிறது. ஒசாகா, சிங்கப்பூர், பெய்ஜிங் என்று கிளைகளும் விட்டது. துருப்பிடித்த மிதக்கும் கோட்டை, தண்ணீரைக் கிழித்து வரும் ஜெட் ஸ்கிகள், கடைசியில் வந்து விழும் விமானம். முன்வரிசையில் உட்கார்ந்தால் நனைவது உறுதி. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் படத்தைப் பார்த்ததே இல்லை.

நம் பக்கத்தில் பாகுபலியை வைத்து இப்படி ஒன்று செய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஹைதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் அந்தப் படத்தின் அரங்கைப் பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மக்கள் போய்ப் படமும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் படப்பிடிப்பு அரங்கு என்பது கேமரா பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் கட்டப்படுவது; கேமராவுக்குப் பின்னால் சாரமும் பலகையும்தான். பூங்கா வளாகத்தில் பார்வையாளர் எந்தப் பக்கமும் திரும்புவார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், மழையில் நிற்பார், அதையே தினமும் முப்பதாயிரம் பேர் செய்வார்கள். மகிழ்மதி என்ற ஊர் கதையில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஊர் என்ற தேர்வில் அது மார்வெலைவிட எளிதாகத் தேறும். அதை இருபது ஆண்டு தாங்கும் கட்டடமாக எழுப்புவதற்கான செலவு, ஒரு படத்தை எடுக்கும் செலவோடு ஒப்பிடவே முடியாத வேறு கணக்கு.

ஆகவே அடுத்த முறை ஏதேனும் ஒரு படவரிசைக்குத் தனி வளாகம் வருகிறது என்று செய்தி வந்தால், முதல் வார வசூலைத் தேட வேண்டாம். அதில் வில்லனும் நாயகனும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எப்படி இருக்கும், அங்கே என்ன சாப்பிடுவார்கள், எந்தத் தெருவில் நடப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவதாரைப் பொறுத்தவரை டிஸ்னி தன் விடையை ஏற்கெனவே சொல்லிவிட்டது: கலிஃபோர்னியாவிலும் அந்த உலகை அமைக்கப்போவதாக 2024 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. அவெஞ்சர்ஸ் கேம்பஸும் கார்ஸ் லேண்டும் இருக்கும் அதே பூங்காவில்.